சேற்றுக்கு ஏற்ற சக்கரம்: டிஃபரன்ஷியலும் டயரும் தேர்வு செய்வது எப்படி?

மழை பெய்த மண்பாதையில் இறங்கிவிட்ட வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றும். அதே ஆக்சிலின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் கெட்டித் தரையில் இருந்தும் அசையாது. என்ஜினில் பலத்துக்குக் குறைவில்லை. அந்தப் பலம் தரையைச் சென்று சேர்வதற்கு இரண்டு பொருள்களைக் கடக்க வேண்டும். ஒன்று, பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல். மற்றொன்று, மண்ணைத் தொடும் டயர். சேற்றில் ஓட்டுவதற்கு வண்டியைத் தயார் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டையும் பொருத்தமாகத் தேர்வு செய்வதுதான்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து இரண்டு திசைகளில் இரண்டு வகைச் சேறு இருக்கிறது. ரவுண்டானாவிலிருந்து வடக்கே கோரிமேடு வழியாகச் சென்றால் ஏற்காடு அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சேர்வராயன் மலையின் காபி, மிளகுத் தோட்டங்கள். பிரதான சாலை முழுக்கத் தார். தோட்டத்துக்குள் பிரியும் வழிகளில்தான் சரளையும் செம்மண்ணும் கலந்த சேறு. தெற்கே நாமக்கல் பக்கம் இறங்கினால் நிலைமை வேறு. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து வரும் ராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர், மோகனூர் பகுதிகளில் நெல், வாழை, கரும்பு வயல்கள். அந்த வண்டல் மண் நனைந்தால் முழங்கால் வரை இறங்கும். முதல் வகையில் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு. இரண்டாவது வகையில் அடி எட்டாது. எந்த டிஃபரன்ஷியல், எந்த டயர் என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

டிஃபரன்ஷியல் எதற்கு?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவையே கணக்கிடலாம். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசை பார்க்கும்போது வெளிச்சக்கரம் சுமார் 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். ஜீப் டயர் ஒரு முறை சுற்றினால் கடக்கும் தூரம் ஏறத்தாழ 2.3 மீட்டர். ஆக, ஒரே வளைவில் வெளிச்சக்கரம் இரண்டு சுற்று அதிகம் சுற்றுகிறது. கரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் இப்படி 70 வளைவுகள். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் சாலையில் தேய்த்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆக்சில் முறியவும் கூடும்.

இந்தச் சிக்கலுக்கு இன்றைய வடிவிலான தீர்வைத் தந்தவர் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர். 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக அவர் அமைத்த முறைதான் அடிப்படையில் இன்றும் ஓடுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள பினியன், கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள், மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்று சொல்லும் சிறு பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவை இருபுறமும் உள்ள சன் கியர்களைத் தள்ளுகின்றன. நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் அசையாமல் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துச் செல்லும். வளைவில் அவை மெல்ல உருண்டு, ஒரு பக்கம் குறைந்த வேகத்தை மறுபக்கத்துக்குக் கூட்டிக் கொடுக்கும்.

சேற்றில் வரும் தொல்லையும் இதே அமைப்பிலிருந்துதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் வேகத்தை வேறுபடுத்தித் தரும். முறுக்கு விசையை மட்டும் எப்போதும் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரத்துக்குச் சேறு 20 பங்கு விசைக்கு மேல் பிடி கொடுக்கவில்லை, மற்றொன்று கெட்டித் தரையில் 80 பங்கைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சேற்றுச் சக்கரம் 20-ஐத் தாண்டியதும் வழுக்கிச் சுற்றும். அதற்குச் சமமாக மறுசக்கரத்துக்கும் 20 மட்டுமே போகும். மொத்தம் 40. இரண்டையும் இணைத்துப் பூட்டிவிட்டால் 20-உம் 80-உம் சேர்ந்து 100 கிடைக்கும். என்ஜினை மாற்றாமலே இழுவை இரண்டரை மடங்காகிறது.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேற்றில் மாட்டியதும் வண்டி நின்றுவிடும். குறுக்கே ஓடும் பள்ளத்தில் ஒரு மூலைச் சக்கரமும் அதற்கு எதிர்மூலைச் சக்கரமும் தொங்கும்போது நடப்பது இதுதான்.

எத்தனை வகைப் பூட்டு?

பூட்டும் முறைகளில் எளியது டிராக்டரில் உள்ளது. பல டிராக்டர்களில் டிரைவரின் வலது குதிகால் அருகே ஒரு சிறு பெடல் இருக்கும். அதை மிதித்தால் இரு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காலை எடுத்தால், சுமை தளர்ந்ததும் பூட்டு விலகும். சேற்றுழவில் ஒரு சக்கரம் சால் பள்ளத்தில் வழுக்கும்போது பயன்படுவது இதுவே. இதை மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. திருப்பினால் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும், ஹவுசிங்குக்குள் பல் உடையும்.

ஜீப் வகை வண்டிகளில் டிரைவர் விரும்பியபோது போட்டு எடுக்கும் பூட்டு ஃபோர்ஸ் குர்காவில் முன், பின் இரு ஆக்சில்களுக்கும் உண்டு. அடி எட்டாத சேற்றுக்கும் ஆழமான வண்டித்தடங்களுக்கும் இதைவிட உறுதியானது இல்லை. சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு போடுவதைவிட, சேற்றுக்குள் நுழையும் முன்பே போடுவது நல்லது. சுற்றும் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கோர்த்தால் அடி வாங்கும். முன் ஆக்சிலைப் பூட்டினால் ஸ்டியரிங் கனத்துவிடும். அதனால் முதலில் பின்பூட்டு, அதுவும் போதாதபோது மட்டும் முன்பூட்டு என்பது வழக்கம்.

மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டும் ஈட்டன் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்டதும் உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து பூட்டைப் போடும். வேகம் கூடிய பிறகு அது பூட்டாது. ஆகவே தார்ச்சாலைக்கு ஆபத்தில்லை. இதை ஓட்டுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிட்டால் பூட்டு விழாது. அதே அளவில் ஒரு நொடி மிதித்திருந்தால் 'டக்' என்ற சத்தத்தோடு மறுசக்கரம் பிடித்துக்கொள்ளும்.

மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் பூட்டு கிடையாது. வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் கணினி பிரேக் போடுகிறது. பிரேக்கின் எதிர்ப்பைச் சக்கரத்தின் பிடியாக டிஃபரன்ஷியல் எடுத்துக்கொள்வதால், மறுபக்கமும் அதே அளவு விசை போகிறது. பள்ளம் மேட்டில் இது நன்றாக வேலை செய்யும். நீண்ட சேற்றுப் பாதையில் என்ஜின் பலத்தின் ஒரு பகுதி பிரேக்கைச் சூடேற்றுவதிலேயே கழியும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் பிடிக்கும் பழைய வண்டிகளில் அதை ஓரிரு பல் மட்டும் இழுத்துவிட்டு மெதுவாக நகர்த்தும் பழைய உத்தியும் இந்த அடிப்படையில்தான்.

இடைப்பட்ட வகை, லிமிடெட் ஸ்லிப் எனப்படும் வழுக்கல் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல். சன் கியருக்குப் பின்னால் கிளட்ச் தகடுகளை அடுக்கி இரு பக்கமும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பது அதன் முறை. ஈரமான தார்ச்சாலைக்கும் லேசான சகதிக்கும் இது போதும். ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் தொங்கினால் போதாது. தகடுகள் தேயும், அதற்கென்று தனி ஆயிலும் வேண்டும். பல்சக்கரங்களின் உராய்விலேயே இயங்கும் டார்சன் வகையில் தகடு தேயும் தொல்லை இல்லை. ஆனால் ஒரு சக்கரத்தில் பிடி சுத்தமாக இல்லாதபோது அதுவும் கைவிடும்.

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் லாரிகளின் நிலை தனி. தோட்டத்துக்குள் இறங்கி நிற்க வேண்டிய கனமான வண்டிகள் அவை. இரட்டைப் பின் ஆக்சில் உள்ள லாரிகளில் இரு ஆக்சில்களுக்கு இடையிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். அது பூட்டப்படாவிட்டால் ஓர் ஆக்சில் வழுக்கும்போது மற்றதும் சும்மா நிற்கும். டேஷ்போர்டு சுவிட்சில் அதைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் இறங்குவதும், தார் ஏறியதும் எடுத்துவிடுவதும் நல்ல டிரைவரின் பழக்கம்.

கிரவுன் பினியன் விகிதம்

டிஃபரன்ஷியல் தேர்வில் பூட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கிரவுன் பினியன் விகிதம். 4.10 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். அமெரிக்காவின் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இது 4.88. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பாகங்களை இணைத்து விற்கத் தொடங்கியபின், பல தலைமுறைகளுக்கு மலைத்தோட்டங்களின் வண்டி என்றால் ஜீப் என்றே ஆனது. சிறிய என்ஜினை வைத்துக்கொண்டே அது மேடேறியதில் இந்த விகிதத்துக்கும் லோ கியருக்கும் பெரும் பங்கு உண்டு.

பெரிய டயர் போடுபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். 693 மி.மீ. விட்டமுள்ள 195/80 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 750 மி.மீ. டயர் போட்டால் தரைக்கும் ஹவுசிங்குக்கும் இடையே கூடுவது 28 மி.மீ. மட்டும். அதே நேரம் 4.10 விகிதம் ஏறத்தாழ 3.79 போல நடந்துகொள்ளும். அதாவது இழுவையில் எட்டு சதவீத நஷ்டம். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். பலத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் உள்ள வண்டிகள் இதைச் சமாளிக்கும். மஹிந்திரா தாரில் அது சுமார் இரண்டரை மடங்கும் ஜிம்னியில் சுமார் இரு மடங்கும் இழுவையைக் கூட்டித் தரும். லோ கியர் இல்லாத வண்டிக்குப் பெரிய டயர் சேற்றில் உதவுவதைவிடக் கிளட்சைக் கருக்குவதே அதிகம். நான்கு சக்கர இழுவை வண்டியில் விகிதத்தை மாற்றினால் முன், பின் இரு ஆக்சில்களிலும் ஒரே விகிதம் வைத்தாக வேண்டும்.

டயர்: பிடி பிறக்கும் இடம்

பூட்டு இருக்கிற பிடியைப் பங்கிடும். பிடியை உண்டாக்குவது டயர். நான்கு டயரிலும் பட்டன் எனப்படும் ரப்பர் மேடுகள் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால், இரண்டு ஆக்சிலையும் பூட்டினாலும் நான்கு சக்கரமும் ஒன்றாக வழுக்கும், அவ்வளவுதான். அதனால் செலவழிக்கும் வரிசையில் டயர் முதலில் வரும்.

சேற்றில் டயர் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. பட்டன் மண்ணைக் கவ்வ வேண்டும். கவ்விய மண்ணை அடுத்த சுற்றுக்குள் உதறித் தள்ளவும் வேண்டும். சாதாரண ஹைவே டயரில் பள்ளங்கள் ஒடுங்கியவை. ஒரே சுற்றில் களிமண் அப்பிக்கொண்டு டயர் மொழுக்கென்று ஆகிவிடும். மட் டெரெய்ன் எனப்படும் சேற்று டயரில் பட்டன்கள் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஓரங்களிலும் பட்டன் இறங்கி, வண்டித்தடத்தின் சுவரைப் பிடித்து ஏறும். ஆல் டெரெய்ன் இரண்டுக்கும் நடுவில்.

சேற்று டயருக்கு ஒரு விலை உண்டு. ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். இரைச்சல் அதிகம், டீசல் செலவும் அதிகம். அஸ்தம்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை ஏற்காட்டுத் தோட்டத்துக்குப் போகும் வண்டியை எடுத்துக்கொண்டால், பயணத்தின் பெரும்பகுதி மழை நனைத்த மலைச்சாலை. மண்பாதை கடைசியில் கொஞ்சம்தான். இறக்கத்தில் 20 வளைவுகளிலும் பிரேக் பிடித்தாக வேண்டும். அந்த வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயரே சரியான தேர்வு. தோட்டத்தை விட்டு வெளியே வராத ஜீப்புக்குச் சேற்று டயர் பொருந்தும்.

அகலமா, ஒடுக்கமா என்பதை மண் முடிவு செய்யும். ஏற்காட்டுப் பாதை போல ஒரு சாண் சேற்றுக்குக் கீழே சரளை இருந்தால் ஒடுங்கிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையில் நிற்கும். அகல டயர் அங்கே சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். வாய்க்கால் பாசன வயல் போல அடி எட்டாத மண்ணில் இது தலைகீழ். எடையைப் பரப்பி மேலே நிற்கும் அகல டயர்தான் அங்கே வேண்டும். வயலுக்குள் ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தாலே எது எந்த மண் என்பது தெரிந்துவிடும்.

டிராக்டர் டயரிலும் இந்தப் பாகுபாடு உண்டு. பொதுவான உழவுக்கு ஆர்-1, நெல், கரும்பு வயலின் ஆழச் சேற்றுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உயரப் பட்டன் உள்ள ஆர்-2. மாட்டும் திசையும் முக்கியம். பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூர்ந்து தெரிய வேண்டும். அப்போதுதான் கூர்முனை முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை இருபுறமும் தள்ளும். மாற்றி மாட்டினால் சேறு நடுவில் குவிந்து அடைக்கும். தண்ணீர் கட்டிய வயலில் டயருக்குத் துணையாக மாட்டும் இரும்புக் கேஜ் வீலுக்கு எடையைப் பரப்புவதே வேலை. அதை மாட்டிய டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்ந்துவிடும். ஓட்டவும் கூடாது.

லாரிகளுக்கு முன்சக்கரத்தில் நேர்கோடு பள்ளமுள்ள ரிப் டயரும், இழுக்கும் பின்சக்கரத்தில் குறுக்குப் பட்டன் உள்ள லக் டயரும் போடுவது நாமக்கல்லில் எல்லோரும் அறிந்தது. லாரித் தொழிலின் ஊரான அங்கே ரீட்ரேடிங் கடைகளுக்கும் குறைவில்லை. பக்கச்சுவரும் உள்நூலும் நல்ல நிலையில் உள்ள டயருக்கு லக் பட்டன் போட்டுப் பின்னால் மாட்டுவது சிக்கனமான வழி. ஸ்டியரிங் சக்கரங்களுக்கு மட்டும் ரீட்ரேட் டயரைத் தவிர்ப்பது நல்லது.

காற்றும் கணக்கும்

செலவில்லாத மாற்றம் காற்றைக் குறைப்பது. சாலையில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைக்கும் ஜீப் டயரைச் சேற்றுக்கு முன் 18, 20-க்கு இறக்கினால் டயர் தரையில் நீளவாக்கில் படியும். இரண்டு மூன்று பட்டன் வரிசைகள் கூடுதலாக மண்ணைப் பிடிக்கும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. சேற்றைத் தாண்டியதும் மறுபடி காற்று நிரப்பாமல் தார்ச்சாலையில் வேகம் எடுத்தால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். ஆகவே காற்றை இறக்குபவர் கையோடு சிறு கம்ப்ரசரும் அளவுமானியும் வைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது பக்கச்சுவரைப் படித்தால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. 255/65 ஆர்18 என்றால் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். கூட்டினால் டயரின் முழு உயரம் ஏறத்தாழ 789 மி.மீ. நான்கு இலக்கத் தேதி எண் 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. சுமை எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் மதுரையின் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா வரை டயர் செய்யும் நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் பொருத்தமான அளவு கிடைப்பதில் சிரமம் அதிகம் இல்லை.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கு நான்கும் ஒரே அளவு, ஒரே பட்டன், ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்ததும் போடுவது அதற்குக் கேடு.

சட்டத்தையும் மறக்க முடியாது. வண்டியின் ஆர்.சி.யில் பதிந்த, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் டயரைத் தேர்வு செய்வதே பாதுகாப்பு. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் டயர் இன்சூரன்ஸ் கோரும்போதும் தொல்லை தரும். சேர்வராயன், கொல்லிமலைக் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை இறக்குவதும் குற்றம்.

எதை முதலில்?

கையிருப்புப் பணத்துக்கு ஏற்ற வரிசை இப்படி அமையும். முதலில் மண்ணுக்குப் பொருந்தும் டயர், அதோடு காற்றைக் குறைத்து நிரப்பும் கருவி. அடுத்து பின் ஆக்சிலுக்குப் பூட்டு. அடி எட்டாத சேற்றில் தினமும் போகிறவருக்கு மட்டும் முன் ஆக்சில் பூட்டு. டயர் அளவு பெரிதானால் மட்டும் கிரவுன் பினியன் விகித மாற்றம். புது வண்டி வாங்குபவர், பூட்டோடு வரும் வகையை வாங்கிவிடுவது பின்னால் ஹவுசிங்கைப் பிரித்து வேலை பார்ப்பதைவிட மலிவு.

சேற்றிலிருந்து திரும்பிய வண்டிக்கும் வேலை இருக்கிறது. ரிம்மின் உட்புறம் அப்பிய களிமண் காய்ந்தால் சக்கரம் நிறை மாறி அதிரும். அன்றே கழுவிவிட வேண்டும். ஹவுசிங்கின் மேலே காற்று போக ஒரு சிறு பிரீதர் துளை இருக்கும். சூடான ஹவுசிங் சேற்று நீரில் இறங்கிக் குளிரும்போது, பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழேயுள்ள டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தி ஒரு சொட்டு ஆயிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் கிரவுனும் அரித்துப் போகும். அடுத்த பயணத்துக்கு முன் அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றியாக வேண்டும்.